ஒருங்கிணைந்த குவாண்டம் ஒளியியலில் நானோகம்பிக் கருவிகள்: ஃபோட்டான் இழப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஃபோட்டானைத் தகவலின் ஊர்தியாகக் கொள்ளும் குவாண்டம் ஒளியியலில், ஃபோட்டான் பிறக்கும் இடத்திலும் அது முடிவுறும் இடத்திலும் ‘நானோகம்பி’ என்ற ஒரே பெயருடைய இருவேறு கருவிகள் பயன்படுகின்றன. ஒன்று குறைக்கடத்திப் படிகமாக வளர்க்கப்படும் ஊசி. மற்றொன்று மீக்கடத்திப் படலத்தில் செதுக்கப்படும் மெல்லிய வரி. இவற்றை ஒளிச்சுற்றுகளோடு ஒரே சில்லில் சேர்க்கும் முயற்சி கருவியைச் சிறிதாக்கும் ஆசையால் மட்டும் எழுந்ததன்று. ஃபோட்டான் இழப்பைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தால் எழுந்தது. அம்முயற்சியின் இயற்பியலையும், அது தீர்த்த சிக்கல்களையும், தானே கொண்டுவந்த புதிய சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நானோகம்பி, மீக்கடத்தி, ஒற்றை ஃபோட்டான் உணர்வி, அலைநடத்தி, குவாண்டம் புள்ளி, ஒளிச்சில்லு

முன்னுரை

தமிழில் ‘கம்பி’ என்றவுடன் மின்சாரம் பாயும் உலோக இழையே நினைவுக்கு வருகிறது. நானோகம்பி என்னும் சொல்லாட்சி இவ்வகையில் பாதி பொருத்தமானது, பாதி வழிதவறச் செய்வது. இங்குப் பேசப்படும் இரு கருவிகளுள் மீக்கடத்து நானோகம்பி உண்மையிலேயே மின்சாரம் பாயும் கம்பி; அதில் மின்னோட்டம் இல்லையேல் அது கருவியே ஆகாது. மற்றொன்றாகிய குறைக்கடத்தி நானோகம்பியில் பல வேளைகளில் மின்சாரமே பாய்வதில்லை. அது ஒளியை வழிநடத்தும் ஒரு கண்ணாடித் தூண் போன்றது. அதன் நடுவே ஒளி உமிழும் ஒரு சிறு புள்ளி புதைந்திருக்கும். ஆய்வேடுகள் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால், முதன்முறை படிப்பவர் ஒன்றன் பண்பை மற்றொன்றன்மேல் ஏற்றிவிட வாய்ப்புண்டு. எனவே இக்கட்டுரையில் முன்னது ‘உணர்கம்பி’ என்றும் பின்னது ‘உமிழ்கம்பி’ என்றும் வேறுபடுத்தி வழங்கப்படுகின்றன. இவை நிலைபெற்ற கலைச்சொற்கள் அல்ல. இக்கட்டுரையின் தேவைக்காகக் கொள்ளப்பட்டவை.

ஒருங்கிணைந்த குவாண்டம் ஒளியியல் என்பது, முன்பு மேசைமேல் ஆடிகளையும் வில்லைகளையும் பரப்பிச் செய்த ஒளிச்சோதனைகளைச் சிலிக்கான் போன்ற பொருளின் மேற்பரப்பில் பொறிக்கப்பட்ட நுண்ணிய ஒளிப்பாதைகளில் நிகழ்த்தும் துறை. அப்பாதைகள் அலைநடத்திகள் எனப்படும். சுற்றியுள்ள பொருளைவிட ஒளிவிலகல் எண் மிகுந்த ஒரு வரியில் ஒளி முழு அக எதிரொளிப்பால் சிறைப்பட்டுச் செல்கிறது. தொலைத்தொடர்புக்குப் பயன்படும் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளிக்குச் சிலிக்கான் அலைநடத்தியின் அகலம் அரை மைக்ரோமீட்டர் அளவே போதும்.

இழப்பின் கணக்கு

மரபான ஒளியிழைத் தொடர்பில் இழப்பு ஒரு தொல்லையே தவிர, தடையன்று. வழியில் ஒளி மங்கினால் இடையே ஒரு பெருக்கியை வைத்தால் போதும். குவாண்டம் தகவலுக்கு இவ்வழி அடைபட்டிருக்கிறது. அறியப்படாத ஒரு குவாண்டம் நிலையைப் படியெடுக்க இயலாது என்பது இயற்கையின் விதி; ஒற்றை ஃபோட்டான் தாங்கிவரும் நிலையைப் பெருக்கியால் நகலெடுத்து மீட்க முடியாது. தொலைந்த ஃபோட்டான் தொலைந்ததுதான்.

இழப்பு கூட்டலாக வளர்வதில்லை, பெருக்கலாக வளர்கிறது. பல ஃபோட்டான்கள் ஒரே வேளையில் பிழைத்து வந்தால்தான் ஒரு சோதனை வெற்றி பெறும் எனக் கொள்வோம். ஒவ்வொரு ஃபோட்டானும் பிறப்பிலிருந்து பதிவுவரை பிழைக்கும் வாய்ப்பு 50 சதவீதமாயின், 10 ஃபோட்டான்களும் வந்துசேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. 20 ஃபோட்டான்களாயின் பத்து இலட்சத்தில் ஒன்று. 90 சதவீதமாக உயர்த்தினால் 20 ஃபோட்டான்களுக்கு 12 சதவீதம் கிடைக்கும். ஆனால் 50 ஃபோட்டான்களுக்கு அது அரை சதவீதமாகச் சரிந்துவிடும். 98 சதவீதமாயின் அதே 50 ஃபோட்டான்களுக்கு 36 சதவீதம். 90-க்கும் 98-க்கும் உள்ள இடைவெளி மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சிறியது. கணக்கில் அது எழுபது மடங்கு.

இழப்பு சோதனையின் வேகத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. எதை மெய்ப்பிக்க முடியும் என்பதையே மாற்றிவிடுகிறது. பெல் சமனிலியைச் சோதிக்கும் ஆய்வுகள் இதற்குச் சிறந்த சான்று. பின்னிய இரு ஃபோட்டான்களின் அளவீட்டு முடிவுகளுக்கிடையே காணப்படும் ஒத்திசைவை, அவை முன்னரே சுமந்துவரும் மறைந்த விவரங்களால் விளக்க முடியுமா என்பதே அங்குள்ள வினா. ஃபோட்டான்களில் பெரும்பகுதி தொலைந்துபோனால், எஞ்சியவை ஒருதலையாகத் தெரிவுசெய்யப்பட்ட மாதிரி என்று வாதிட இடமுண்டு. பிலிப் எபர்ஹார்ட் 1993-இல் காட்டியபடி, இந்த ஓட்டையை அடைக்க மொத்தத் திறன் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டும். அன்று தொலைத்தொடர்பு அலைநீளத்தில் கிடைத்த குறைக்கடத்தி உணர்விகள் இவ்வெல்லைக்கு அருகிலும் வரவில்லை. 2015-இல் அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் நடத்திய சோதனையில், டங்ஸ்டன் சிலிசைடால் ஆன மீக்கடத்து உணர்கம்பிகள் பயன்பட்டன. மூலம், ஒளியிழை, உணர்வி அனைத்தும் சேர்ந்த மொத்தத் திறன் ஏறத்தாழ 75 சதவீதத்தை எட்டியது. பல பத்தாண்டுகளாக நீண்ட ஒரு தத்துவ விவாதத்தின் தீர்ப்பு அந்தச் சில சதவீத மிகுதியின்மேல் நின்றது. அச்சோதனை சில்லில் நிகழ்ந்ததன்று, ஒளியிழையில் நிகழ்ந்தது. எனினும் உணர்வியின் திறன் எவ்வளவு பெரிய கூற்றைத் தாங்குகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

உணர்கம்பி ஒளியை அறியும் விதம்

சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட். 1550 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் 0.8 எலக்ட்ரான் வோல்ட். இந்த ஃபோட்டானால் சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைக்கூட அந்த இடைவெளியைத் தாண்டச் செய்ய முடியாது. சிலிக்கான் இவ்வொளிக்கு ஊடுருவு பொருளாக, அதாவது நல்ல அலைநடத்தியாக, இருப்பதும் அதனால்தான். அதே சிலிக்கானால் இவ்வொளியை உணர முடியாமற் போவதும் அதனால்தான். பாதையாகும் தகுதியே உணர்வியாகும் தகுதியைப் பறித்துவிடுகிறது. ஆகவே பாதையின் மேல் வேறொரு பொருளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதாகிறது.

மீக்கடத்திகளில் நிலைமை வேறு. 1911-இல் லைடன் நகரில் காமர்லிங் ஆனெஸ் பாதரசத்தில் முதன்முதலாகக் கண்ட மீக்கடத்துநிலையில், எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கூப்பர் இணைகளாகத் தடையின்றிப் பாய்கின்றன. நையோபியம் நைட்ரைடு போன்ற மெல்லிய படலத்தில் ஓர் இணையைப் பிரிக்கச் சில மில்லி எலக்ட்ரான் வோல்ட் போதும். 0.8 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட ஒரே ஃபோட்டான் நூற்றுக்கணக்கான இணைகளைக் குலைத்துவிட வல்லது. குறைக்கடத்தியில் ஒரு கதவைக்கூடத் திறக்க இயலாத விருந்தாளி, இங்கு வீட்டையே கலைத்துவிடுகிறார்.

இப்பண்பைக் கருவியாக்கியவர்கள் மாஸ்கோ அரசு கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கிரிகோரி கோல்ட்ஸ்மன் குழுவினரும் அவர்தம் கூட்டாளிகளும். 2001-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில், ஏறத்தாழ 200 நானோமீட்டர் அகலமும் 5 நானோமீட்டர் தடிமனும் கொண்ட நையோபியம் நைட்ரைடு வரி ஒற்றை ஃபோட்டானை உணர்ந்தது காட்டப்பட்டது. செயல்முறை பின்வருமாறு: கம்பியை அதன் மாறுநிலை வெப்பநிலைக்கு வெகு கீழே குளிர்வித்து, அது தாங்கக்கூடிய உச்ச மின்னோட்டத்துக்குச் சற்றே குறைந்த மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. பொதுவாக இது பத்து, இருபது மைக்ரோ ஆம்பியர் அளவே. ஃபோட்டான் உட்கவரப்பட்ட இடத்தில் மீக்கடத்துநிலை பலவீனமடைகிறது. மின்னோட்டம் அவ்விடத்தை விட்டு ஒதுங்கி எஞ்சிய அகலத்தில் நெருக்கியடித்துப் பாய முயல்கிறது; அங்கே மின்னோட்ட அடர்த்தி எல்லை மீறுகிறது; கம்பியின் முழு அகலமும் இயல்பான மின்தடை நிலைக்கு மாறுகிறது. திடீரெனத் தோன்றும் சில ஆயிரம் ஓம் மின்தடை, மின்னோட்டத்தை அருகிலுள்ள 50 ஓம் பெருக்கிச் சுற்றுக்குத் தள்ளிவிடுகிறது. அந்தத் துடிப்பே ‘ஒரு ஃபோட்டான் வந்தது’ என்னும் செய்தி. மின்னோட்டம் விலகியதும் கம்பி குளிர்ந்து மீக்கடத்துநிலைக்குத் திரும்ப, அடுத்த ஃபோட்டானுக்குக் கருவி ஆயத்தமாகிறது.

கம்பி ஏன் இவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும் என்பதற்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை எளியது: ஃபோட்டான் உண்டாக்கும் வெப்பப்புள்ளி மிகச் சிறியது, அகலமான கம்பியில் மின்னோட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இவ்விடை முழுமையானதன்று என்பது பின்னர்த் தெரியவந்தது. கம்பியின் விளிம்பிலிருந்து காந்தச் சுழல்கள் உட்புகுந்து குறுக்கே கடப்பதும் துடிப்பைத் தோற்றுவிக்கிறது. இக்கொள்கை வழியில் டெனிஸ் வதலாசவ் 2017-இல் முன்மொழிந்ததற்கு இசைய, மைக்ரோமீட்டர் அகலமுள்ள வரிகளும் ஒற்றை ஃபோட்டானை உணரும் என்பது 2018-இல் ஆய்வகத்தில் காட்டப்பட்டது. படலம் சீராக அமைந்து, மின்னோட்டத்தை உச்ச எல்லைக்கு மிக அருகே கொண்டுசெல்ல முடிந்தால், ‘நானோ’ என்ற அடைமொழியே தேவையற்றதாகலாம். நெடுங்காலம் ஒரு துறை தன் பெயரையே தன் விளக்கமாக நம்பியிருந்தது என்பது கருதத்தக்கது.

பாதையின் மேல் கிடத்திய கம்பி

தொடக்ககால உணர்கம்பிகளில் ஒளி செங்குத்தாக மேலிருந்து விழுந்தது. ஐந்து நானோமீட்டர் படலத்தைக் குறுக்கே கடக்கும் ஒளியில் ஒரு சிறு பகுதியே உட்கவரப்படும். பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும். ஒளியிழையிலிருந்து வரும் புள்ளியை மூடுமளவுக்குக் கம்பியைப் பாம்பின் நெளிவுபோல முன்னும் பின்னுமாக மடித்து, பத்து மைக்ரோமீட்டர் சதுரத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அதன் மொத்த நீளம் அரை மில்லிமீட்டர் அளவாகும். தப்பிய ஒளியைத் திருப்பியனுப்பக் கம்பிக்குக் கீழே ஆடியடுக்குகள் அமைத்து, 2013-இல் போல்டர் குழுவினர் 93 சதவீதத் திறனைக் காட்டினர். 2020-இல் அது 98 சதவீதமாயிற்று. தனிக்கருவி என்ற அளவில் இது ஏறக்குறைய நிறைவான நிலையே.

ஆனால் ஒளிச்சில்லில் நிகழ்ந்த சோதனையின் முடிவை இக்கருவியால் படிக்க வேண்டுமாயின், ஃபோட்டான் சில்லிலிருந்து வெளியேறி ஒளியிழைக்குள் நுழைந்து, பின்னர் உணர்வியை அடைய வேண்டும். அரை மைக்ரோமீட்டர் அலைநடத்தியிலிருந்து பத்து மைக்ரோமீட்டர் அகலத்தில் பரவும் இழைக்கு ஒளியை மாற்றுவது, குறுகிய வாய்க்கால் நீரைச் சிந்தாமல் அகன்ற ஓடையில் விடுவது போன்ற வேலை. ஒளியில் பாதியும் அதற்கு மேலும் அவ்வாயிலிலேயே தொலைவது வழக்கமாக இருந்தது. 98 சதவீத உணர்வியின் முன்னே 50 சதவீத வாயில் நின்றால், மொத்தம் 49 சதவீதமே.

தீர்வு, ஃபோட்டானை வெளியே அழைக்காமல் உணர்கம்பியை உள்ளே கொண்டுவருவது. அலைநடத்தியின் மேற்பரப்பில், ஒளி செல்லும் திசைக்கு இணையாக, கொண்டையூசி வடிவில் மடித்த ஒரு கம்பி கிடத்தப்படுகிறது. சிறைப்பட்ட ஒளி முழுவதும் அலைநடத்திக்குள் அடங்கியிருப்பதில்லை. அதன் மின்புலத்தின் ஒரு பகுதி மேற்பரப்புக்கு வெளியே தேய்ந்து மறைந்தவாறு உடன் செல்கிறது. அந்தப் புறப்புலம் கம்பியைத் தொட்டுக்கொண்டே போகிறது. ஒரு மைக்ரோமீட்டர் தூரத்தில் ஒளியின் ஐந்தில் ஒரு பங்கு உட்கவரப்படுவதாக வைத்துக்கொண்டால், 20 மைக்ரோமீட்டர் கடந்தபின் எஞ்சுவது ஒரு சதவீதம் அளவே. செங்குத்து அமைப்பில் ஐந்து நானோமீட்டருக்குள் ஒரே வாய்ப்பில் பிடிக்கவேண்டியதை, இங்கு நீளம் முழுவதிலும் மெல்ல மெல்லப் பிடிக்கலாம். தடிமனில் இல்லாததை நீளத்தில் ஈடுசெய்யும் இந்த வடிவமாற்றமே ஒருங்கிணைந்த உணர்கம்பியின் உயிர்நாடி.

இதனால் வேகமும் கூடியது. கம்பி பழையநிலைக்குத் திரும்பும் காலம் அதன் இயக்க மின்தூண்டலைப் பொறுத்தது. அது கம்பியின் நீளத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். அரை மில்லிமீட்டர் நெளிவு சில நானோவினாடி முதல் பத்து நானோவினாடிக்கு மேலும் எடுத்துக்கொள்ள, நாற்பது, ஐம்பது மைக்ரோமீட்டர்க் கொண்டையூசிக்கு ஒரு நானோவினாடிக்கும் குறைவான நேரம் போதும். ஆயினும் மேலும் மேலும் குறுக்கிக்கொண்டே போகவும் முடியாது. கம்பி குளிர்வதற்கு முன்பே மின்னோட்டம் திரும்பி வந்துவிட்டால், வெப்பப்புள்ளி அணையாமல் நிலைத்துக் கருவி செயலிழந்து நின்றுவிடும்.

2011-இல் காலியம் ஆர்சனைடு அலைநடத்தியின் மேல் இவ்வமைப்பை முதலில் காட்டிய குழு ஏறத்தாழ 20 சதவீதத் திறன் பெற்றது. அடுத்த ஆண்டே வோல்ஃப்ராம் பெர்னிசே, ஹாங் டாங் ஆகியோரும் மாஸ்கோ குழுவினரும் சேர்ந்து, சிலிக்கான் அலைநடத்தியின் மேல் 91 சதவீதத் திறனையும் 18 பிகோவினாடி நேரத்துல்லியத்தையும் வெளியிட்டனர். இவ்வெண்களை ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. இங்குக் கூறப்படும் 91 சதவீதம், அலைநடத்திக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட ஃபோட்டானை உணரும் திறன். முன்னர்க் கூறிய 93 சதவீதம், ஒளியிழையில் புறப்பட்ட ஃபோட்டானை உணரும் திறன். முன்னதில் வாயில் இழப்பு கணக்கில் சேர்வதில்லை. ஃபோட்டான் சில்லிலேயே பிறந்தால்தான் முன்னதன் கணக்கு முழுப்பொருள் பெறும். இந்த இடத்தில்தான் உமிழ்கம்பி தேவைப்படுகிறது.

ஃபோட்டான் பிறக்கும் ஊசி

ஒரே நேரத்தில் ஒரு ஃபோட்டானை மட்டும் தருகின்ற மூலம் எளிதில் கிடைப்பதன்று. லேசரை எவ்வளவு மங்கச் செய்தாலும் சில வேளை ஒன்றும் வராது. சில வேளை இரண்டு வரும். சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்தித் தீவாகிய குவாண்டம் புள்ளி, அணுவைப் போலப் பிரிந்த ஆற்றல் மட்டங்களைக் கொண்டது. ஒருமுறை கிளர்த்தினால் ஒரு மட்ட மாற்றத்துக்கு ஒரே ஃபோட்டானை உமிழும். ஆனால் அது புதைந்திருக்கும் படிகத்தின் ஒளிவிலகல் எண் மூன்றுக்கும் மேல். ஆகவே உமிழப்பட்ட ஒளியில் பெரும்பகுதி முழு அக எதிரொளிப்பால் படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. இரண்டொரு சதவீதமே வெளியே வரும்.

உமிழ்கம்பி இச்சிக்கலுக்கு விடை. 1964-இல் பெல் ஆய்வகத்தின் வாக்னரும் எல்லிஸும், பொன்துளியின் அடியில் சிலிக்கான் மயிரிழைபோல் வளர்வதை விளக்கினர். உருகிய துளி வளியிலிருந்து அணுக்களை ஏற்று, தன் அடியில் படிகமாகப் படியவைக்கிறது. துளி மேலெழ, தூண் நீள்கிறது. இண்டியம் பாஸ்பைடு தூண் வளரும்போது ஒருசில நொடிகள் ஆர்சனிக் வளியைச் சேர்த்தால், தூணின் அச்சில் மிகச் சரியாக ஒரு குவாண்டம் புள்ளி அமைந்துவிடும். பின்னர்த் தூணைச் சுற்றி அதே இண்டியம் பாஸ்பைடை உறைபோல வளர்த்து, 200 நானோமீட்டர் அளவுக்குப் பருமனாக்கினால், தூணே அலைநடத்தியாகிவிடுகிறது. புள்ளியைத் தேடிச் சென்று அதைச் சுற்றிக் கருவியைச் செதுக்கும் தொல்லை இல்லை. கருவிக்குள்ளேயே புள்ளி பிறக்கிறது. நுனியை ஊசிபோலக் கூர்மையாக்கினால், ஒளி திடீர் எல்லையைச் சந்திக்காமல் படிப்படியாக வெளியேறும். கிரெனோபிள் குழுவினர் 2010-இல், மேலிருந்து செதுக்கிய காலியம் ஆர்சனைடு தூணில் 72 சதவீத வெளியேற்றத் திறனைக் காட்டினர். 2012-இல் டெல்ஃப்ட் நகரின் வால் ஸ்வில்லர் குழு, கீழிருந்து வளர்த்த கூர்நுனி ஊசியில் 42 சதவீதம் பெற்றது. எண்ணளவில் பின்னது குறைவாயினும், புள்ளி இருக்குமிடம் முன்கூட்டியே உறுதியாகத் தெரியும் என்பதால் சில்லுக்கு அதுவே உகந்தது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

உகந்தது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு: ஊசியை எடுத்து நட முடியும். வளர்ந்த இடத்திலேயே ஒவ்வோர் ஊசியின் ஒளியையும் அளந்து, நல்லதைத் தேர்ந்து, நுண்ணோக்கியின் கீழ் நுனிகூரிய கருவியால் பறித்து, வேறொரு சில்லில் குறித்த இடத்தில் கிடத்தி, அதன்மேல் சிலிக்கான் நைட்ரைடு அலைநடத்தியைப் படியச் செய்யும் முறையை 2016-இல் அதே ஆய்வுமரபினர் வெளியிட்டனர். நாற்றங்காலில் தேறிய நாற்றைப் பறித்து வயலில் நடுவதற்கு ஒப்பானது இது. சிலிக்கானுக்குப் பதில் சிலிக்கான் நைட்ரைடு ஏன் என்னும் கேள்வி எழலாம். இப்புள்ளிகளின் ஒளி 900 நானோமீட்டர் அருகே அமைகிறது. அந்த ஃபோட்டானுக்குச் சிலிக்கானின் ஆற்றல் இடைவெளியைத் தாண்டும் வலிமை உண்டு. எனவே சிலிக்கான் அதை விழுங்கிவிடும். மூலத்தின் நிறமே பாதையின் பொருளைத் தீர்மானிக்கிறது.

உணர்விப் பக்கத்திலும் இதே தேர்ந்தெடுக்கும் உத்தி பின்பற்றப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தினர் 2015-இல், உணர்கம்பிகளைத் தனி மென்சவ்வுகளில் செய்து, சோதித்து, தேறியவற்றை மட்டும் ஒளிச்சில்லுக்கு மாற்றினர். படலத்தின் சிறு குறைபாடும் ஒரு கம்பியைக் கெடுத்துவிடும். ஒரே சில்லில் நூறு கம்பிகளைப் பொறித்து அனைத்தும் தேற வேண்டும் என எதிர்பார்ப்பது அன்று பேராசையாக இருந்தது. கைவினையாகிய இம்முறை ஆய்வகத்துக்குப் போதும். ஆயிரக்கணக்கில் வேண்டும்போது போதாது. 2025-இல் சைக்குவாண்டம் நிறுவனம் வெளியிட்ட ஆய்வேட்டில், வணிகக் குறைக்கடத்தி ஆலையின் 300 மில்லிமீட்டர் வில்லைகளிலேயே நையோபியம் நைட்ரைடு உணர்கம்பிகள் பொறிக்கப்பட்டிருப்பது, துறையின் திசைமாற்றத்தைக் காட்டுகிறது.

நட்டு வைத்த ஊசிகளுக்கு ஒரு குறை நீங்காமல் இருக்கிறது. இரு ஃபோட்டான்கள் கற்றை பிரிப்பானில் சந்தித்து ஒன்றாகவே வெளியேறும் ஹாங்–ஓ–மாண்டல் விளைவுக்கு, அவை எவ்வகையிலும் வேறுபிரித்தறிய இயலாதவையாக இருக்க வேண்டும். ஒரே தோட்டத்தில் வளர்ந்த இரு ஊசிகளின் புள்ளிகள்கூட ஒரே அலைநீளத்தில் ஒளிர்வதில்லை. அழுத்தமின் பொருளின் மேல் சில்லை ஒட்டி, இழுவிசையால் அலைநீளத்தைச் சற்றே நகர்த்தும் உத்தி உள்ளது. ஒன்றிரண்டு ஊசிகளுக்கு அது பயன்படும். நூறு ஊசிகளைத் தனித்தனியே சுருதி சேர்ப்பது வேறு கதை.

ஒரே கூரையின் கீழ்

மூலமும் உணர்வியும் ஒரே சில்லில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அமையும்போது, முன்பு இல்லாத ஓர் எதிரி தோன்றுகிறது: மூலத்தைக் கிளர்த்தும் லேசரொளி. ஒரு ஃபோட்டானைப் பெற நாம் செலுத்தும் லேசரில் கோடிக்கணக்கான ஃபோட்டான்கள் இருக்கின்றன. அவற்றில் சிதறிய மிகச் சிறு பகுதி சில்லின் உடலுக்குள் அலைந்து உணர்கம்பியைச் சேர்ந்தாலும், உண்மையான செய்தி இரைச்சலில் மூழ்கிவிடும். உணர்கம்பி மிக நுண்ணிய உணர்வுடையது என்னும் பெருமையே இங்கு அதற்கு எதிராக நிற்கிறது. சில்லிலேயே ஃபோட்டான் இணைகளை உண்டாக்கும் அமைப்புகளில், லேசரை ஆயிரம் கோடியில் ஒரு பங்காக வடிகட்டும் தேவை எழுகிறது. அலைநடத்தியருகே வளையவடிவ ஒத்ததிர்விகளை அமைத்து, வேண்டிய அலைநீளத்தை மட்டும் பிரித்தெடுக்கும் வழியை 2017-இல் உமிழ்கம்பிச் சில்லிலேயே காட்டினர். அலைநடத்திக்கு வெளியே சில்லின் அடித்தளத்தில் பரவும் ஒளியை அவ்வளையங்களால் தடுக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குளிரின் விலை

உணர்கம்பிக்கும் உமிழ்கம்பிக்கும் ஒரு பொருத்தம் உண்டு: இரண்டும் குளிரை விரும்புபவை. நையோபியம் நைட்ரைடு 2 முதல் 4 கெல்வினில் நன்கு இயங்கும். குவாண்டம் புள்ளியும் அவ்வெப்பநிலையில்தான் தூய நிற ஃபோட்டானைத் தரும். சிக்கல் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ளது. ஒளிச்சுற்றில் ஃபோட்டானின் கட்டத்தை மாற்றி வழியைத் திருப்பும் உறுப்புகள், அறை வெப்பநிலையில் நுண்சூடேற்றிகளால் இயக்கப்படுகின்றன. சிலிக்கானைச் சூடாக்கினால் அதன் ஒளிவிலகல் எண் மாறும் என்பதே அவற்றின் அடிப்படை. ஆழ்ந்த குளிரில் அந்த மாற்றவீதம் பல ஆயிரம் மடங்கு சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு சூடேற்றியும் பத்து மில்லிவாட் அளவில் வெப்பம் கக்கும். நூறு சூடேற்றிகள் ஒரு வாட். 4 கெல்வினில் ஒரு வாட் வெப்பத்தை அகற்றவே, சுவரிலிருந்து பல கிலோவாட் மின்சாரம் இழுக்கும் பெரிய குளிர்விப்பான் தேவை. அதாவது மூலமும் உணர்வியும் உறைநிலையில் உறவாட, நடுவிலிருக்கும் தரகர் மட்டும் அடுப்பைப் பற்றவைக்கிறார்.

வெப்பமில்லாமல் வழிதிருப்பும் முறைகள் இதனால் தேடப்பட்டன. மின்புலம் பட்டதும் ஒளிவிலகல் எண் மாறும் லித்தியம் நையோபேட்டில் அலைநடத்தியையும் உணர்கம்பியையும் ஒருங்கே அமைத்துக் குளிரில் இயக்கியதும், நுண்ணிய அசையும் பாலங்களால் ஒளியைத் திருப்பி அதே சில்லில் உணர்கம்பியால் அளந்ததும் 2021-இல் வெளியாயின. பேரியம் டைட்டனேட் படலத்தைச் சிலிக்கானோடு சேர்க்கும் வழியும் முன்னேறிவருகிறது.

எஞ்சுவது கம்பிகளின் கம்பிகள். ஒவ்வோர் உணர்கம்பிக்கும் வெளியுலகிலிருந்து ஒரு மின்வடம் செல்ல வேண்டும். ஒவ்வொரு வடமும் அறையின் வெப்பத்தைக் குளிருக்குள் கடத்தும் வாய்க்கால். 2020-இல் சீனாவின் ஹெஃபெய் நகரில் இயங்கிய ஜியுஜாங் கருவி 100 உணர்கம்பிகளை 100 தனித்தடங்களில் பயன்படுத்தி, ஒரே வேளையில் 76 ஃபோட்டான்கள் வரை பதிவு செய்தது. நூறுவரை இம்முறை தாங்கும். 2023-இல் போல்டர் குழுவினர் உருவாக்கிய 4,00,000 படப்புள்ளி உணர்கம்பிப் படக்கருவி வேறு வழியைக் காட்டுகிறது: வரிசை, நிரை எனக் கம்பிகளைப் பின்னி, துடிப்பு ஒரு பொதுத்தடத்தின் இருமுனைகளை எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டு எந்தப் புள்ளி ஒளியைக் கண்டது எனக் கணிக்கின்றனர். வடங்களின் எண்ணிக்கை அதனால் வெகுவாகக் குறைகிறது. ஆனால் வானியலுக்கு ஏற்ற இம்முறை குவாண்டம் கணிப்புக்கு அப்படியே பொருந்தாது. அங்கு ஒரே கணத்தில் பல கம்பிகள் துடிக்கும். எது எப்போது துடித்தது என்பதை உடனே அறிந்து, அடுத்த ஃபோட்டானின் பாதையை அது கடந்துபோவதற்குள் மாற்றியாக வேண்டும். முடிவெடுக்கும் மின்னணுச் சுற்று அறையில் நின்றால், செய்தி வடத்தில் ஏறி இறங்கச் செலவாகும் ஒவ்வொரு நானோவினாடிக்கும், அந்த ஃபோட்டானைச் சில்லில் ஏறத்தாழ பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள அலைநடத்திச் சுருளில் காக்கவைக்க வேண்டியிருக்கும். அச்சுருளின் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் ஒரு சிறு இழப்பு நேர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் உணர்கம்பியின் துடிப்பைப் படித்து முடிவெடுக்கும் சுற்றையும், இயன்றால் மீக்கடத்திகளாலேயே செய்து, அதே குளிருக்குள் அதனருகே அமைக்கும் பணி இப்போது பல ஆய்வகங்களில் நடைபெற்றுவருகிறது.